செம்மறிக் கூட்டத்துக்குள் ஒரு விமானம்

ஜூன் 19

சுபஹுத் தொழுகை முடிந்து மாஸ்டர் பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வழியில் மகனின் அழைப்பு வந்தது. மெல்பர்னில் அப்போது காலை ஒன்பதரை இருக்கும்.

"உம்மா பக்கத்துல இல்லயே வாப்பா?"

"இல்ல. சொல்லு மகன்."

அவன் சொன்னது இரண்டு செய்திகள். ஒரு வருடத்துக்கு மேலாகச் சிறிய விமானம் ஓட்டப் பழகி உரிமமும் எடுத்துவிட்டான் என்பது ஒன்று. நேற்று ஆகாயத்தில் என்ஜின் நின்றுபோய், செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு புல்வெளியில் விமானத்தை இறக்கினான் என்பது மற்றது. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. முதல் செய்தியே தெரியாத வாப்பாவுக்கு இரண்டும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தன.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் அலுமாரியிலிருந்து பழைய பாடக்குறிப்புக் கொப்பி ஒன்றை எடுத்தார். 'நான்' என்று எழுதக் கை வரவில்லை. ஊர் கூப்பிடும் பெயரிலேயே தன்னை எழுதத் தொடங்கினார்.

ஜூன் 20

மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. கச்சான் காற்று பகல் முழுக்க அடித்தது.

ஜூன் 22

என்ஜின் ஏன் நின்றது? இதைத் தெரிந்துகொள்ளாமல் மாஸ்டருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மகனிடம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார். அவனும் பொறுமையாக விளங்கப்படுத்தினான்.

அவன் ஓட்டியது செஸ்னா 172. 1956 முதல் 40,000க்கும் அதிகமாகச் செய்யப்பட்ட விமானம். உலகத்தில் பறக்கப் பழகுகிறவர்களில் பெரும் பங்கினர் இதில்தான் பழகுகிறார்கள். அதன் பழைய வகைகளில் காபரேட்டர் இருக்கும். ஒடுங்கிய வழியால் காற்று விரைந்து பாயும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் அதற்குள் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். வெளியே 10, 15 பாகை இருந்தாலும், காற்றில் ஈரம் கூடினால் உள்ளே பனிக்கட்டி படியும். என்ஜின் முதலில் தளரும், பிறகு உதறும், கடைசியில் நிற்கும். சூடான காற்றை உள்ளே விட ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை நேரத்தோடு இழுத்துவிட்டால் பனி உருகிவிடும்.

"இழுத்தயா?"

"இழுத்தன் வாப்பா. அதுக்குள்ள நிண்டுட்டு."

மாஸ்டரை அலைக்கழிப்பது இதற்கு அடுத்த பகுதி. விமானம் தரைக்கு வந்து, மெக்கானிக் வந்து மூடியைத் திறக்கும்போது பனி உருகிப் போயிருக்கும். அடையாளம் எதுவும் மிஞ்சாது. ஆகவே அதுதான் காரணம் என்று யாராலும் கையெழுத்து வைக்க முடியாது. அநேகமாக அதுதான் என்கிறார்கள். காரணம் நிச்சயமாகத் தெரிந்தால் பயத்துக்கு ஒரு வேலியாவது போடலாம். இந்த 'அநேகமாக' வேலியில்லாத வளவு.

ஒரு விசயம் மட்டும் கொஞ்சம் ஆறுதல் தந்தது. என்ஜின் நின்ற உடனே விமானம் கல்லாக விழுவதில்லை. இந்தச் செஸ்னா ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய 9,000 அடி தூரம் சறுக்கிப் போகும். அவன் 2,000 அடியில் இருந்தானாம். இங்கே, தன் ஊரான சாய்ந்தமருதுக்கு மேலே நின்றுபோனால் கிட்டத்தட்ட சம்மாந்துறை வயலில் போய் இறக்கலாம். மாஸ்டர் அந்தத் தூரத்தை மனதுக்குள் பலமுறை போய் வந்தார்.

ஜூன் 23

தன்னோடு பறக்கும் விமானிகளின் குழுவில் வந்த குரல் செய்திகளை மகன் அனுப்பியிருந்தான், வாப்பா சிரிப்பார் என்று நினைத்து.

முதல் ஆள் நன்றாகச் செம்மறி போலக் கத்துகிறார். கத்தி முடித்து, ஓடுபாதையில் கம்பளி கிடக்கிறது, எச்சரிக்கை என்று விமானி பாணியில் அறிவிக்கிறார். இன்னொருவர், தரையிறங்கல் கட்டணத்தை எந்த ஆட்டிடம் கட்டினாய், ரசீது தந்ததா என்று கேட்கிறார். மூன்றாமவர் பின்னல் ஊசி அனுப்புகிறாராம், குளிருக்குச் சட்டை பின்னிக்கொள்ளட்டும் என்று. பின்னால் எல்லாருடைய சிரிப்பும். அதற்குள் மகனுடைய சிரிப்பும்.

மாஸ்டர் அதை அணைத்துவிட்டார். ஒருவனுடைய மையித்து வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய நாள் அது. அதை வைத்துப் பகிடி விடுகிற கூட்டம் என்ன கூட்டம்?

ஜூன் 27

ஜும்ஆவுக்குப் பிறகு படுத்திருந்தபோது, கேட்காமலே ஒரு குரல் வந்து நின்றது. மரைக்கார்.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில், 1970களில், 'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் போனது. நான்கு பேர், நான்கு தமிழ். மரைக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலி சிங்களவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். நான்காவது ஆள் ஐயர். அந்த மரைக்காராக நடித்து, தொடரை எழுதியும் வந்தவர் எஸ். ராமதாஸ். அப்புக்குட்டி ரி. ராஜகோபால். உபாலி எஸ். செல்வசேகரன். ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீத்.

பெயர்களை எழுதிவிட்டு மாஸ்டர் நெடுநேரம் அவற்றைப் பார்த்தார். முஸ்லிமாக நடித்தவர் முஸ்லிம் இல்லை. ஐயராக நடித்தவர் முஸ்லிம். சிங்களவராக நடித்தவர் தமிழர். அடுத்தவனுடைய நாக்கை இரவல் வாங்கித்தான் அந்த நிகழ்ச்சி முழுக்க ஓடியது. சாய்ந்தமருதில் அதற்காக ஒருவரும் முகம் சுளித்ததை மாஸ்டர் கண்டதில்லை. மரைக்கார் பேசியது கொழும்புப் பக்கத்து முஸ்லிம்களின் தமிழ், கல்முனைப் பேச்சு இல்லை. ஆனாலும் ஊர் அவரைத் தன் வீட்டு ஆளாகவே எடுத்துக்கொண்டது. பெட்டரி தீரும் காலத்தில் அதை வெயிலில் காயவைத்துப் போட்டாவது கேட்டார்கள்.

அதற்கும் முன்னால் 'சானா' சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' வானொலி நாடகம் இருந்தது. அது மாஸ்டருடைய வாப்பாவின் காலம். பிள்ளைகளுக்குக் கோமாளிகள்தான். வானொலியில் பிடித்த பேர் போதாதென்று 1976இல் எம். முகம்மது தயாரிக்க, எஸ். ராமநாதன் இயக்க, 'கோமாளிகள்' திரைப்படமாகவும் வந்தது.

ஆனால் மாஸ்டருக்குப் பிடித்தது முகம் தெரியாத வடிவம்தான். வானொலியில் ஒருவன் இருக்கிறான் என்பதற்கு அவன் குரல்தான் சாட்சி. பேசாமல் விட்டால் அந்த ஆள் அங்கே இல்லை. ஆகவே நான்கு பேரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். சீண்டச் சீண்ட நான்கு பேரும் அங்கே இருந்தார்கள்.

செல்வசேகரன் 2012இல் காலமானார், ராமதாஸ் 2016இல். இதே வானொலியின் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா 1989இல் கொல்லப்பட்டார். எத்தனை குரல்கள்.

ஜூன் 28

மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "அந்த ஆடு போல கத்தினவர் ஆர்?"

பதில் வரவில்லை. வேலையில் இருப்பான்.

ஜூலை 2

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் காரைதீவுக்காரர். மரைக்காரை அவர்தான் அச்சொட்டாகப் பேசுவார். மாஸ்டர் அப்புக்குட்டி. விளக்கு அணைத்த பிறகு இருட்டில் இரண்டு குரல்களும் சண்டை பிடிக்கும், விடுதியே சிரிக்கும். காரைதீவான் முஸ்லிமாகவும் சாய்ந்தமருதான் யாழ்ப்பாணத்தானாகவும்.

1985 சித்திரையில் இந்தப் பக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்துக்குப் பிறகு, நடந்தே போகக்கூடிய காரைதீவு தொலைதூரமாகிவிட்டது. அதற்குப் பிறகு 1990இன் வன்செயல்கள். அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார் என்று மட்டும் கேள்வி.

ஜூலை 5

மகனின் பறக்கும் சங்கத்தில் ஒரு முதியவர் இருக்கிறாராம், இங்கிலாந்திலிருந்து சிறுவயதில் வந்தவர். சனிக்கிழமைகளில் தேநீர் அறையில் பழைய பி.பி.சி. நகைச்சுவை நிகழ்ச்சிகளைப் போட்டுவிடுவார். இளைய விமானிகளுக்கே அந்த வசனங்கள் மனப்பாடமாம். வாப்பா வானொலிப் பைத்தியம் என்று மகன் சொல்லப்போய், முதியவர் ஒரு பட்டியலே அனுப்பிவிட்டார்.

அதில் முதலாவது 'மச்-பைண்டிங்-இன்-த-மார்ஷ்'. 1944இல் தொடங்கி 1954 வரை போனது. எதுவுமே ஒழுங்காக நடக்காத ஒரு கற்பனை விமானப்படைத் தளம்தான் களம். அதில் பேசிய கென்னத் ஹோர்ன், ரிச்சர்ட் மர்டொக் இருவரும் போர்க்காலத்தில் விமானப்படை அதிகாரிகளாக விமான அமைச்சில் வேலை செய்தவர்கள். தங்கள் படையைத் தாங்களே பகிடி பண்ணினார்கள். அதுவும் போர் நடந்துகொண்டிருக்கும்போதே.

அடுத்தது 1948இல் தொடங்கிய 'டேக் இட் ஃபிரம் ஹியர்'. இதில் வரும் ஜிம்மி எட்வர்ட்ஸ் டகோட்டா விமானி. எயார் சிலோன் 1947இல் தன் முதல் பறப்பைத் தொடங்கியதும் இதே வகை விமானத்தில்தான். 1944இல் ஆர்னெம் சண்டையில் எட்வர்ட்ஸின் டகோட்டா சுடப்பட்டு விழுந்தது. முகத்தில் தீக்காயம். தழும்பை மறைக்க வளர்த்த மீசைதான் பிறகு நாடு முழுக்க அறிந்த அவருடைய அடையாளமாயிற்று. மீசை தெரியாத வானொலியில் அந்த மனிதர் 1960 வரை சிரிக்கவைத்தார்.

பிறகு 'த கூன் ஷோ'. அதில் எத்தனையோ குரல்களில் பேசிய பீட்டர் செல்லர்ஸுக்கு விமானியாக ஆசை, கண்பார்வை இடம் கொடுக்கவில்லை. விமானப்படையின் கலைக்குழுவோடு போர்க்காலத்தில் இந்தியா, பர்மா மட்டுமல்ல, நம் இலங்கைக்கும் வந்து போனவர். இந்தத் தீவில் எந்தக் கொட்டகையில் யாருடைய குரலில் பேசியிருப்பாரோ.

மாஸ்டருக்கு ஆங்கிலப் பகிடி பாதிதான் பிடிபட்டது. எட்வர்ட்ஸின் குரலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஜூலை 9

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. மெல்பர்னில் இருக்கும் ஊர்ப் பிள்ளை ஒன்று தன் உம்மாவிடம் சொல்லி, அது கல்முனைச் சந்தையைச் சுற்றி வீட்டுக்கு வந்திருக்கிறது.

"பெத்த புள்ளட கதைய ஊராக்கள்ற வாயால கேக்க வச்சிட்டீங்களே."

அழுது முடிக்கட்டும் என்று மாஸ்டர் இருந்தார். பிறகு ரே விஜேவர்தனவைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். வயலில் ஓடும் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை இந்தப் பக்கம் லேண்ட்மாஸ்டர் என்றுதானே சொல்வது. அதை 1950களில் உருவாக்கியவர்களில் ஒருவர் இந்த நாட்டுப் பொறியியலாளரான அவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர். சொந்தமாகச் சிறு விமானங்கள் கட்டி இரத்மலானையில் தானே பறந்தவர். தொழிலுக்காக இல்லை, ஆசைக்காக. 85 வயது வரை வாழ்ந்தார்.

"உங்கட வாப்பாட வயல்ல உழுததும் அவர்ர மெசின்தான்."

"அவர்ர உம்மா ஒண்டும் சொல்லல்லயா?"

அதற்கு மாஸ்டரிடம் பதில் இல்லை.

இரவு மகனுடைய பதில் வந்தது. ஆடு போலக் கத்தியவர்தான் அன்றைக்கு ஆகாயத்தில் பக்கத்தில் இருந்தவராம். அந்தச் சிறிய தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. எல்லாரும் ஒரே அலைவரிசையில், யார், எங்கே, எவ்வளவு உயரம், என்ன செய்யப்போகிறேன் என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அலைவரிசையில் பகிடி இல்லை. பகிடியெல்லாம் தேநீர் மேசையில். மகன் 'மேடே' சொன்னதும் அவர் திரும்பி வந்து, தரையில் ஆள் வந்து சேரும்வரை மேலே வட்டமிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும், இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று நிதானமாக ஒரு வார்த்தை. பின்னல் ஊசிக்காரர் அன்றிரவு தார்ப்பாயும் சுடுநீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு வந்து, விடியும்வரை விமானத்துக்குக் காவல் இருந்தவர்.

மாஸ்டர் அந்தக் குரல் செய்திகளை மறுபடி போட்டார். முழுக்கக் கேட்டார்.

ஜூலை 10

மனைவி இன்னும் மகனோடு கதைக்கவில்லை. அவன் இரண்டு முறை எடுத்தான்.

ஜூலை 18

கல்முனையில் ஓர் ஓய்வுபெற்ற அதிபரிடம் காரைதீவுக்காரரின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. இப்போது மட்டக்களப்பில், மகளோடு இருக்கிறாராம். கொப்பியின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார்.

அசருக்குப் பிறகு எடுத்தார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் எந்தக் குரலில் தொடங்குவது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

ஜூலை 20

இன்றும் எடுக்கவில்லை.

ஜூலை 27

மகன் மறுபடி பறந்திருக்கிறான். முதலில் பயிற்றுநரோடு, பிறகு தனியாக. இந்தமுறை முன்கூட்டியே சொன்னான். மாஸ்டருக்கு அந்த நேரம் முழுக்கக் கை ஓடவில்லை. கடற்கரைக்குப் போய்க் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கிவிட்டேன் என்று செய்தி வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அடுத்த ஞாயிறும் போகப்போகிறானாம். போகாதே என்று சொல்ல இருந்தது. சொல்லவில்லை. இனிமேல் சொல்லமாட்டார் என்பதும் நிச்சயமில்லை.

சங்கத்தில் அவனுக்கு இப்போது இடையன் என்று பெயராம். இராச்சோற்றின்போது மாஸ்டர் அதைச் சொன்னார்.

மனைவி கறிச்சட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ட புள்ளய இடையன் எண்டு சொல்ல அவனுகள் ஆரு?"

"நபிமார் எல்லாரும் ஆடு மேய்ச்சவங்கதானே."

அவர் பதில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், அன்றைக்கு அந்த ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லையா, பயந்து ஓடியிருக்குமே, எல்லாம் திரும்பி வந்ததா என்று.

மாஸ்டருக்குத் தெரியாது. அதை அவனிடமே கேட்கச் சொல்லித் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று மனைவி எழுந்து போனார்.