ஏற்றத்தில் தக்பீர், இறக்கத்தில் தஸ்பீஹ்

நபித்தோழர்கள் பயணத்தில் மேட்டில் ஏறும்போது தக்பீரும், தாழ்வில் இறங்கும்போது தஸ்பீஹும் கூறி வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. இந்த ஹதீஸைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். இறக்கமும் ஓர் உழைப்பே என்பதை எனக்குக் கற்பித்தது ஒற்றைச் சக்கர மிதிவண்டி.

அதில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். சரிவில் கால்களை ஓயவிட்டு உருண்டு வர வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பெடலை எதிர்த்து அழுத்தி வேகத்தைத் தடுக்க வேண்டும். முழங்காலின் பாரத்தைக் குறைக்க என் வண்டியில் ஒரு பிரேக் உண்டு. அதைச் சிறிது சிறிதாகவே பிடிக்க வேண்டும். சட்டென்று பிடித்தால் ஆள் முன்னால் பறந்துவிடுவார்.

இது சர்க்கஸ்காரர் வேலையன்றோ, ஓர் ஆலிமுக்குத் தகுமா என்று கேட்போர் உண்டு. எட் பிராட் என்னும் ஆங்கிலேய இளைஞர் 2015இல் 36 அங்குலச் சக்கரத்தில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018இல் ஊர் திரும்பினார் என்று அவர்களிடம் சொல்வேன். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதையும் நினைவூட்டுவேன். அதற்கு மேல் வாதிடுவதில்லை. ஜுப்பாவின் ஓரம் சக்கரத்தில் சிக்காமல் இருந்தால் போதும்.

எங்கள் ஊருக்கு அருகில் ஏலகிரி. மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். என் வண்டிக்கு 29 அங்குலச் சக்கரம். மலைக்கென 150 மில்லிமீட்டர் கிராங்க் பூட்டியிருக்கிறேன். குட்டையான கிராங்க் சமவெளியில் விரைவு தரும். ஏற்றத்தில் அழுத்தம் போதாமல் நின்றுவிடும். ஏறும்போது உடலைச் சற்றே முன்சாய்த்து, சீட்டின் முன்கைப்பிடியை மேல்நோக்கி இழுத்தால் கால்களுக்கு வலு கிடைக்கும். வளைவின் உட்புறமே மிகச் செங்குத்து. எதிரே வண்டி வராதபோது மட்டும் வெளிப்புறமாகச் சுற்றிச் செல்வேன். மூச்சு முட்டினால் இறங்கி நடப்பேன். நடப்பதில் இழுக்கு ஏதுமில்லை.

ஆனால் புண்ணைத் தருவது மலையன்று, சமவெளி. ஏற்றத்தில் பாரம் கால்களுக்கு மாறுகிறது. சமவெளியிலோ ஏறக்குறைய முழு உடலும் ஒரு சாண் சீட்டின்மீது அமர்ந்திருக்கிறது. இரு சக்கர வண்டியைப்போல் கைகளுக்குப் பாரத்தைப் பகிர இயலாது. அழுத்தம், உராய்வு, வியர்வை ஆகிய மூன்றும் சேர்ந்தால் தோல் பிளந்துவிடும். தளர்வான கால்சட்டைக்குள் பஞ்சு வைத்த, தொடை இடுக்கில் தையல் உறுத்தாத உள்ளாடை அணிகிறேன். ஔரத்தும் மறைகிறது, தோலும் தப்புகிறது. உராயும் இடங்களில் வாசலின். அரைமணிக்கு ஒருமுறை இறங்கிவிடுவேன். லுஹருக்கும் அஸருக்கும் நிற்பது கடமை. ருகூவிலும் ஸுஜூதிலும் இடுப்பு விரிவது அதனுடன் கிடைக்கும் கொடை. வீடு திரும்பியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். தோல் பிளந்திருந்தால் ஆறும்வரை வண்டியைத் தொடலாகாது.

இந்தக் கடைசி விதியைத்தான் என்னுடன் ஓட்டப் பழகிய மாணவர் ஒருவர் ஏற்கவில்லை. பத்தாவது வளைவில் இறங்கியபோது கால்களை அகற்றி நின்றார். புண்ணா என்று கேட்டேன்.

“மூன்று நாளாக இருக்கிறது, ஹஜ்ரத். பொறுத்துக்கொண்டால் நன்மைதானே?”

மத்ரஸாவில் இந்த எண்ணத்தை அடிக்கடி காண்கிறேன். காய்ச்சலை மறைத்து ஓத அமரும் பிள்ளைகள் உண்டு. தானாக வரும் வலியில், ஒரு முள் தைத்தாலும், பாவம் உதிர்கிறது. வலியைத் தேடிப் போவது வேறு. நடந்தே செல்வதாக நேர்ந்துகொண்டு, இரு மகன்களின் தோள்களில் தொங்கியபடி வந்த முதியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அவர் தம்மை இவ்வாறு வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறும்படி கட்டளையிட்டார்கள். அனஸ் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பை அவரிடம் சொன்னேன்.

“அவர் முதியவர், ஹஜ்ரத்.”

“வயதைப் பற்றியா அங்கே பேச்சு?”

அவர் பதில் சொல்லவில்லை. மேலிருந்து வந்த பேருந்தை நிறுத்தி, அவரையும் அவருடைய வண்டியையும் ஏற்றிவிட்டேன். உடையில் இரத்தக் கறை இருந்ததால், தொழுகைக்கு மாற்றிக்கொள்ள என் பையிலிருந்த கைலியைக் கொடுத்தேன். பேருந்துக்குள்ளும் அவர் நின்றுகொண்டுதான் போனார்.

பன்னிரண்டு நாள் அவர் வண்டிப் பேச்சே எடுக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சுப்ஹுக்குப் பின், காற்றடிக்கும் பம்பு கேட்டு வந்து நின்றார்.