தங்கமும் ரப்பரும்

ஓட்டோ க்யூன்ஸ்லி 1980இல் செய்த வளையலைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கறுப்பு ரப்பர்க் குழாய். ஓரிடத்தில் மட்டும், எலி விழுங்கிய பாம்பு மாதிரி, புடைத்திருக்கிறது. உள்ளே தங்கக் குண்டு. 'தங்கம் குருடாக்கும்' என்று பெயர். குண்டு கண்ணுக்குத் தெரியாது. செய்தவர் சொல்வதை நம்ப வேண்டும்.

தங்கத்தின் அந்தஸ்தைக் கேலி செய்கிறார் என்று வழக்கமாக விளக்கம் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அவ்வளவுதான் என்றால் ஒரு கார்ட்டூன் போதும், வளையல் எதற்கு?

உள்ளடக்கம் குண்டு, உருவம் ரப்பர் என்று நம் பத்திரிகைகளின் தீராத சண்டையை இங்கேயும் போடலாம். எனக்கு என்னவோ இதில் பேசுவது ரப்பர்தான் என்று படுகிறது. தங்கம் துருப்பிடிக்காது, மங்காது, சும்மா கிடக்கிறது. ரப்பர் காற்றிலும் வெளிச்சத்திலும் இறுகுகிறது, தேய்கிறது. காற்றிலுள்ள ஓஸோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் முதலில் கீறும். அதாவது புடைப்பின் மேலேதான். அணிபவரின் கை மேஜையில் உராய உராய, என்றாவது ஒரு மஞ்சள் புள்ளி தெரியலாம். அந்த 'என்றாவது' ரப்பரின் சுபாவத்தில் இருக்கிறது.

இதற்கு முன்பே 1973இல், ஹாலந்தில் ஹைஸ் பாக்கர் தங்கக் கம்பியைக் கையில் இறுகக் கட்டிப் பிறகு எடுத்துவிட்டார். தோலில் பதிந்த தடம்தான் நகை. அங்கும் தங்கம் வெறும் கருவி.

நான் வேலை பார்க்கும் வங்கியில் நகைக்கடன் கவுண்டர் என் மேஜைக்கு அடுத்தது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் வளையலை இழுத்து அமிலத் துளி விடுவார். கல், அரக்கு எடையைக் கழிப்பார். க்யூன்ஸ்லியின் வளையலை நீட்டினால் ரப்பரை அறுக்காமல் ஒரு ரூபாய்கூட எழுத மாட்டார். அறுத்தால் குண்டுக்குக் கடன் உண்டு, வளையல் இருக்காது.

அறுத்துப் பார்க்கும் காரியத்தை நானும் செய்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நண்பரின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு நீண்ட கவிதைக்குள் ஒரு மரணம் இருந்தது. அவர் அதைச் சொல்லவே இல்லை. யாருடைய மரணம் என்று எனக்குத் தெரியும். எடுத்து வெளியே வைத்தேன். கூர்மையான மதிப்புரை என்றார்கள் சிலர். நண்பர் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் அந்தக் கவிதையை மறுபடி படித்தேன். முதல் வரியிலேயே மரணம் தெரிந்துவிடுகிறது. எந்தச் சொற்கள் அதன்மேல் இழுபட்டு நின்றன என்று தேடினேன், அகப்படவில்லை. அவருக்கு ஒரு கடிதம் ஆரம்பித்தேன். விலாசத்துக்குமேல் நகரவில்லை.