வறட்சி திறந்த நகரம்

மண்ணில் புதைந்த நகரங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில், டைக்ரிஸ் ஆற்றங்கரையில் இருந்த கெமூனேவோ நீரில் மூழ்கிய நகரம். சுமார் 3400 ஆண்டுகளுக்கு முன் மித்தானிப் பேரரசில் செழித்திருந்த அதனை, 1980களில் மோசுல் அணையின் நீர் மூடியது.

கடும் வறட்சி வந்தது. பயிரைக் காக்க 2021 டிசம்பர் முதல் அணைநீரைத் திறந்துவிட, நகரம் தலைகாட்டியது. குர்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் விரைந்து தோண்டினர். பானைகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள்! சுடாத களிமண் இத்தனை ஆண்டுகள் நீரில் கரையாமல் இருந்ததை எண்ணி வியந்தேன்.

ஆயினும் மனம் முழுதாய் மகிழவில்லை. அவற்றை நமக்குக் காட்டியது உழவர்களின் காய்ந்த வயல் அல்லவா? 2022 பிப்ரவரியில் நீர் மீண்டும் ஏறி நகரம் மறைந்தது. எஞ்சியவை அங்கேயே பத்திரமாக உறங்கட்டும். ஆறு நிறைந்து ஓடட்டும்.