காயல் ஒரு சிங்கப்பூர் ஆகியிருந்தால்? உடன்குடிப் பக்கம் ஒரு 'ஒருவேளை' பயணம்!

உடன்குடி என்றதும் நாக்கில் ஊறுவது கருப்பட்டி. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த இந்த ஊரிலிருந்து திருச்செந்தூர் வழியாக வடக்கே போனால், வேறொரு கதை காத்திருக்கிறது. காயல்பட்டினம், புன்னைக்காயல், பழையகாயல் என்று வரிசையாக வரும் 'காயல்'களின் கதை.

1290-களில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, 'காயல்' என்ற மாநகரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பகுதிகளிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் இங்கேதான் நின்றனவாம். அந்தக் காயல் எது? பழையகாயல்தான் என்றார் பிஷப் கால்டுவெல். காயல்பட்டினத்தில் போய் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

சுவாரஸ்யம் குதிரையில் இல்லை, அதை விற்றவர்களிடம் இருக்கிறது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் தகவல் இது: கிஷ் தீவை ஆண்ட வணிகர் ஜமாலுதீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்தார். அவருடைய தம்பி தகியுதீன் இங்கே பாண்டியரின் அமைச்சர். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அண்ணன் அங்கே ஒரு தீவுக்கு அதிபதி, தம்பி இங்கே துறைமுகங்களுக்கு அதிகாரி. இன்னும் ஒரு படி ஏறியிருந்தால், காயல் ஒரு தனி நகர அரசு!

அந்த ஒரு படியை ஹோர்முஸ் ஏறியது. குடிக்க நல்ல தண்ணீர்கூட இல்லாத குட்டித் தீவு, வணிகத்தை மட்டுமே நம்பி நூற்றாண்டுக் கணக்கில் தனி அரசாக நின்றது. காயலுக்கோ தாமிரபரணியே பக்கத்தில் இருந்தது.

1311-ல் மாலிக் காபூர் படை மதுரை வரை வந்தது. பாண்டியர் ஆட்டம் கண்டார்கள். நகர அரசுகள் பிறப்பது பெரும்பாலும் இப்படிப் பெரிய அரசு தள்ளாடும் நேரத்தில்தான். அதன் பிறகும் காயல் ஓய்ந்துவிடவில்லை. 1516 வாக்கில் எழுதிய போர்ச்சுகீசியரான பார்போசா, இங்கே முத்துக்குளிப்பு வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த முஸ்லிம் செல்வந்தர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். அவருடைய சமூகத்தாருக்கு அவரே நீதி வழங்கினாராம், அரசர் தலையிடுவதில்லையாம். தனிக் கொடி ஒன்றுதான் பாக்கி.

பிறகு ஏன் நடக்கவில்லை? பீரங்கிகளோடு வந்த போர்ச்சுகீசியர் ஒரு காரணம். முத்துக்குளித்துறையில் மேலாதிக்கம் யாருக்கு என்ற சண்டையில் பரதவர்கள் அவர்கள் துணையைத் தேடினார்கள், 1530-களில் திரளாகக் கிறிஸ்தவம் தழுவினார்கள். 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது.

ஆனால், பெரிய எதிரி வண்டல்தான். தாமிரபரணி வளம் கொடுத்தபடியே துறைமுகத்தைத் தூர்த்தது. சங்ககாலக் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. பழையகாயலுக்கும் அதே கதி, இப்போது சுற்றிலும் உப்பளங்கள். சிங்கப்பூருக்கு வாய்த்தது இயற்கையான ஆழ்கடல் துறைமுகம். காயலுக்கு வாய்த்தது இடம் மாறிக்கொண்டே இருக்கும் கழிமுகம்.

சரி, நடந்திருந்தால்? சிங்கப்பூர் சுமார் 730 சதுர கி.மீ. பரப்பில் ஏறக்குறைய 60 லட்சம் பேரை வைத்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டமோ அதைப்போல ஆறு மடங்கு பெரியது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 17.5 லட்சம்தான். அந்த நெரிசல் இங்கே வந்திருந்தால், உடன்குடிப் பனைகள் நிற்கும் இடத்தில் அடுக்குமாடிகள் நின்றிருக்கும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏற வேண்டியிருந்திருக்காது என்பதும் உண்மை. எது லாபம் என்று பனையேறியிடம் கேட்டால் ஒரு பதில் வரும், வெளிநாட்டிலிருக்கும் அவர் மகனிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

உடன்குடியை ஒட்டிய குலசேகரன்பட்டினமும் பழைய துறைமுகம்தான். இன்று தசராவுக்குப் பேர்போன அந்த ஊரில், 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து ஏவினால், இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே போகலாம் என்பதுதான் காரணம். இந்தத் துறைமுகத்தை எந்த ஆறும் தூர்க்க முடியாது.

போகிறவர்கள் திரும்பும்போது உடன்குடியில் இறங்கி, ஒரு கிலோ கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.