கூரைமேல் ஒரு மின்நிலையம்

வெயில் எவ்வளவு சுடுகின்றதோ அவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கதிரவன் தகட்டிற்கு வேண்டுவது ஒளியே; வெப்பம் அதற்குப் பகை. தகடு 25 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்போது, ஒவ்வொரு பாகைக்கும் அதன் ஆற்றல் நூற்றில் அரைப் பங்கு வரை குறைகின்றது. இவ்வகையில் ஓசூர் பேறு பெற்ற ஊர். கடல் மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் வீசும் தண்காற்று தகடுகளுக்கு நன்மை செய்கின்றது.

ஆனால், அக்காற்றே புழுதியையும் சுமந்து வருகின்றது. கிருஷ்ணகிரிப் பகுதியில் கருங்கல் வெட்டும் குழிகளும் கல் அறுக்கும் பட்டறைகளும் பல. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. மழையற்ற மாதங்களில் தகடுகள்மேல் சாம்பல் நிறப் படலம் படிந்துவிடும்.

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம், 300 சதுர அடி வீட்டிற்குக் கதிரவன் ஒளியால் எரியும் ஐந்து விளக்குகளைத் தந்தது. 2024-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்பிற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தகடு அமைக்க அரசு உதவும்; துடைப்பது வீட்டாருடைய வேலையே அன்றோ!

அவ்வேலை எளியது, எனினும் முறையறிந்து செய்தல் வேண்டும். வைகறையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, மென்மையான துணியால் துடைக்க வேண்டும். நண்பகலில் சுடும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது விரிசல் காணக்கூடும். தேங்காய் நாரும் சலவைத்தூளும் ஆகா. உப்புக் கலந்த ஆழ்குழாய்க் கிணற்று நீர் உலர்ந்தால் வெண்கறை படியும். சேமித்த மழைநீரே சிறந்தது.

நிழலை இன்னும் கவனித்தல் வேண்டும். தகட்டிலுள்ள சிறு கட்டங்கள் சங்கிலிபோல் இணைந்தவை. வேப்பங்கிளையின் நிழலோ பறவையின் எச்சமோ ஒரு கட்டத்தை மறைத்தால், வாய்க்காலின் குறுக்கே மண் விழுந்ததுபோல், அவ்வரிசை முழுவதும் மின்னோட்டம் தளரும். மறைந்த கட்டமோ சூடேறிக் கருகவும் கூடும்.

மழை பெய்தால் எல்லாம் கழுவப்பட்டுவிடும் என்று சிலர் இருந்துவிடுவர். தகட்டின் கீழ்விளிம்பில் சேறு தங்குவதை அவர்கள் காண்பதில்லை. மாதந்தோறும் மின்னளவைக் குறித்து வைப்போர்க்கு அக்குறை உடனே புலப்படும்.

சிறுவர் தாமே கூரைமேல் ஏறலாகாது. பொத்தானை நிறுத்தினாலும் ஒளி படும் வரை தகட்டில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். உடைந்த தகட்டையும் அறுந்த கம்பியையும் தொடாது, மின்பணியாளரை அழைத்தல் வேண்டும்.