முடிக்காமல் விட்ட விளையாட்டு

(பதினோராம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

பழையது என்றாலே பயனற்றது என்று எண்ணியவர்களுள் நானும் ஒருத்தி. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த எண்ணத்துக்கு நல்ல அடி கிடைத்தது. அடி கொடுத்தது ஒரு பழைய வீடியோ விளையாட்டு! ‘பள்ளி மலரில் எழுத இவளுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?’ என்று தோழியர் சிலர் சிரிக்கலாம். சற்றுப் பொறுத்துப் படியுங்கள்.

விடுமுறைக்குப் பெரியம்மா குடும்பத்தார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தனர். பெரியம்மாவின் மகன், என் அண்ணன், கையடக்கமான ஒரு விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்திருந்தான். “அம்மா சின்ன வயதில் ஆடிய ஆட்டம் ஒன்று இதில் இருக்கிறது. நீயும் ஆடிப் பார்” என்று என்னிடம் கொடுத்தான்.

‘ஃபேன்டசி ஸ்டார்’ என்பது அதன் பெயர். ஜப்பானின் சேகா நிறுவனம் 1987 டிசம்பரில் வெளியிட்டது. விண்வெளிக் கப்பலும் உண்டு, வாளும் மந்திரமும் உண்டு. அல்கோல் என்னும் சூரிய மண்டலத்தில் மூன்று கோள்கள்: பசுமையான பால்மா, மணற்காடான மோட்டாவியா, பனி உறைந்த டெசோரிஸ். லாசிக் என்ற கொடுங்கோலனின் காவலர்கள் நீரோ என்ற இளைஞனைக் கொன்றுவிடுகிறார்கள். அவன் தங்கை ஆலிஸ், அண்ணன் விட்டுச் சென்ற பணியை முடிக்க வாளேந்திப் புறப்படுகிறாள். தனியாக அல்ல. மியாவ் என்ற பூனை போன்ற பிராணி, ஓடின் என்ற வீரன், நோவா என்ற மந்திரவாதி ஆகிய மூவரையும் ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்துக்கொள்கிறாள்.

வீரர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்த அந்நாளைய விளையாட்டுகளில், ஒரு பெண்ணைத் தலைவியாக வைத்தது புதுமை. அவளுக்கு உருவம் கொடுத்தவரும் ஒரு பெண்ணே. 1984-இல் சேகாவில் சேர்ந்த ரியேகோ கொடாமா என்ற ஓவியர் அவர். விளையாட்டுகளில் உழைத்தவர்களின் உண்மைப் பெயர்கள் வெளியே தெரியாத காலம் அது. ஆகவே ‘பீனிக்ஸ் ரீ’ என்ற புனைபெயரில் அவர் அறியப்பட்டார். பின்னர் 1993-இல் வந்த நான்காம் பாகத்தை இயக்கும் அளவுக்கு உயர்ந்தார். 2022-இல் காலமானார். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றோ, நான்கே நாள்களில் ஆட்டத்தை முடித்துவிட்டு வெற்றிக் களிப்புடன் கூடத்துக்கு வந்தேன்.

“முடித்துவிட்டேன். இதில் என்ன இருக்கிறது? சண்டை மெதுவாக நடக்கிறது. எதிரில் நான்கு பேர் நின்றாலும் எவனை அடிப்பது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. குகைகள் எல்லாம் ஒரே மாதிரிச் சுவர்கள்” என்று அடுக்கினேன்.

அண்ணனும் ஒத்து ஊதினான். “ஒரு நல்ல வாள் வாங்கக் காசு சேர்ப்பதற்கு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சண்டை போட வேண்டும். இப்போது இதை யார் ஆடுவார்கள்?” என்றான். பழைய விளையாட்டுகளை ஆடுவோரில் பலரும் இதே குறைகளைத்தான் சொல்கிறார்கள் என்றும் சொன்னான்.

பெரியம்மா மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார்: “சரி கண்ணு. கேக் கடைக்கு எப்படிப் போனாய்?”

அந்த ஆட்டத்தில் வேடிக்கையான ஓர் இடம் உண்டு. மோட்டாவியாவின் ஆளுநரைக் காண வெறுங்கையோடு போக முடியாது. கேக் வாங்கிப் போக வேண்டும். கேக் கடையோ, அரக்கர்கள் திரியும் ஒரு குகைக்குள் இருக்கிறது! அங்கே நான் போனது உண்மை. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினேன், எத்தனை கதவு கடந்தேன்? ஒன்றும் நினைவில்லை.

காரணம் இதுதான். 2018-இல் மறுபதிப்பாக வந்த இந்த ஆட்டத்தில், குகைக்குள் நடக்க நடக்க வரைபடம் தானாகவே திரையின் ஓரத்தில் விரியும். சண்டைகளைக் குறைத்து, காசையும் அனுபவப் புள்ளிகளையும் கூட்டித் தரும் எளிய வழியும் உண்டு. நான் இரண்டையும் பயன்படுத்தினேன். முடித்தேன் என்று சொன்னேனே தவிர, எப்படி முடித்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பெரியம்மா சிரித்தாரே தவிர மேலே ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு அம்மாதான் என்னிடம் அந்தக் கதையைச் சொன்னார்.

தாத்தா அப்போது குவைத்தில் வேலை பார்த்தார். பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு வயது, அம்மாவுக்கு ஆறு. தாத்தா ஆசையாக வாங்கித் தந்த ஆட்டம் இது. தானாக விரியும் வரைபடம் ஏது? பெரியம்மா கிராஃப் தாளில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கட்டமாகக் குகைகளை வரைவாராம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு, வலப்பக்கம் கதவு” என்று எண்ணிச் சொல்வாராம். ஆட்டத்தின் பெட்டிக்குள் சிறு பேட்டரி ஒன்று இருந்து, விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அப்படியே பல மாதங்கள் ஆடி, டெசோரிஸ் பனிக்கோள் வரை வந்துவிட்டார்கள்.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போட்டது போட்டபடி கிளம்ப நேர்ந்தது. எங்கள் குடும்பமும் பேருந்தில் பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மான் நகருக்குப் போய், அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தது. ஆளுக்கு ஒரு பை. ஆட்டமும் கிராஃப் நோட்டும் வீட்டிலேயே கிடந்தன.

“அந்தப் பயணம் முழுவதும் அக்கா, ‘என் ஆட்டம், என் ஆட்டம்’ என்று அழுதுகொண்டே வந்தாள். அப்பா, ‘ஊருக்குப் போனதும் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரால் வாங்கித் தரவே முடியவில்லை” என்றார் அம்மா.

எனக்குத் தொண்டை அடைத்தது. மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்ததும் பெரியம்மாவிடம், “நான் வரைபடம் பார்த்துத்தான் முடித்தேன். என்னோடு இன்னொரு முறை ஆடுவீர்களா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கடைக்குப் போய் ஒரு கிராஃப் நோட்டு வாங்கி வந்தார்.

அன்று முதல் பெரியம்மா ஆட, நான் கட்டம் எண்ணினேன். வரைபடத்தை மறைத்துவிட்டோம். எத்தனை முறை வழி தவறினோம்! ஒரு கட்டத்தைத் தவறாக எண்ணினால் அடுத்த பத்துக் கட்டமும் தவறு. கண்ணுக்குத் தெரியாத பொறிக்குழியில் விழுந்து கீழ்த்தளத்துக்குப் போனால், மீண்டும் வெள்ளைத் தாள். நண்பர்களுக்கு உயிர் குறையும்போது பையில் மிஞ்சிய ஒரு பர்கரை யாருக்குக் கொடுப்பது என்று வாக்குவாதம். எந்தக் குகையை நான்கு நாள் அவசரத்தில் கடந்து மறந்தேனோ, அதன் ஒவ்வொரு மூலையும் இன்று எனக்கு மனப்பாடம்.

அண்ணன் மட்டும் தன் கருத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை. “குறை குறைதான்” என்கிறான். அதுவும் நியாயமே. சண்டைகள் இப்போதும் எனக்கு மெதுவாகத்தான் தோன்றுகின்றன. ஆயினும், குகைகள் கடினமானவை என்பதைக் குறை என்று இனி நான் சொல்லமாட்டேன். வழியைத் தேடி நாமே வரைவதுதான் அங்கே ஆட்டம். அந்த வேலையைக் கருவியிடம் விட்டபின், ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டவள் நான்.

புத்தாண்டுக்குப் பின் பெரியம்மா ஊருக்குப் புறப்பட்டார். “நீ இல்லாமல் தொடமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தார். பொங்கல் விடுமுறைக்கு நாங்கள் அவர் வீட்டுக்குச் சென்றோம். மூன்றாம் நாள் இரவு, அம்மாவும் அண்ணனும் சூழ்ந்திருக்க, வானக் கோட்டையில் லாசிக் வீழ்ந்தான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. லாசிக்கைத் தன் பிடியில் வைத்திருந்த இருள் ஒன்று பின்னால் இருக்கிறது. அதையும் வென்றபோது மணி பன்னிரண்டரை.

நாங்கள் கைதட்டினோம். பெரியம்மா கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வேலையும் போய், வீடும் போய், இரண்டு பிள்ளைகளை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த மனிதரிடம், ஒரு விளையாட்டைக் கேட்டு அழுதுகொண்டு வந்தேனே” என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மாலை எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தாத்தாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி ஜெபித்தோம். புறப்படும்போது பெரியம்மா குனிந்து, “முடித்துவிட்டேன் அப்பா” என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்தக் கிராஃப் நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. அடித்தும் திருத்தியும் வரைந்த முப்பது பக்கங்கள். “முடித்துவிட்டேன்” என்று எதையாவது சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.