எட்டாயிரம் ரூபாய் லென்ஸ்

ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எட்டாயிரம் ரூபாய்க்குப் பழைய 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கினோம். "பிளாஸ்டிக் பொம்மை" என்றார்கள் சிலர். ஏப்ரல் 14 ஊர்வலத்தில், பகல் வெளிச்சத்தில், அது எடுத்துத் தந்த முகங்களைப் பார்த்தபின் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

இருட்டத் தொடங்கியதும் குறை தெரிந்தது. 250-இல் அதன் அபெர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. லட்ச ரூபாய் தாண்டும் எஃப் 2.8 லென்ஸ் வாங்கும் ஒளியில் இது கால் பங்கு. ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும்; பறையடிக்கும் கையை நிறுத்தாது. அந்தக் கைகளெல்லாம் புகையாகவே பதிந்தன.

"ஏன் தம்பிங்களா அங்கயே நிக்கிறீங்க? கிட்ட வாங்க" என்றார் பறையடித்த அண்ணன் ஒருவர். போனோம். 55-இல் எஃப் 4 கிடைத்தது, ஒளி இரட்டிப்பானது. ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றினோம். கைகள் தெளிந்தன. பெயர் கேட்டு எழுதிக்கொண்டோம். மறுநாள் படங்களை அனுப்பினோம். தூரத்திலிருந்து எடுத்த நூறு படங்களில் ஒருவர் பெயரும் எங்களிடம் இல்லை.

தோழர்களே, விலையுயர்ந்த லென்ஸ் வரட்டும் என்று ஆவணப்படுத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். பழையது வாங்கினால் ஸ்டெபிலைசர் இருக்கிறதா, உள்ளே பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பொழுது சாய்ந்தால் கிட்டப் போங்கள்.